விசிறி நின்ற மதியம்

ஈரம் போகத் துடைத்த பிறகுதான் அந்தக் கைகள் முட்டையைத் தொட்டன. கூடையின் நடுவிலிருந்து ஒன்று, மூலையிலிருந்து ஒன்று. எடுத்த முட்டையின் அகன்ற பக்கத்தை மூடிய கண்ணிமையின் மேல் வைத்து, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அசையாமல் நின்று, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தன. இமைக்கு இதமாகப் பட்டால் சரி. ஒன்றுமே தெரியாவிட்டால் சூடு குறைவு. சுருக்கென்றால் கூடுதல். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போன இடம். அதை நம்ப முடியாது. இமைத்தோல் மெல்லியது.

இயந்திரத்தின் நெற்றியில் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றையும் பார்த்துக்கொண்டாள். எண்ணும் இமையும் ஒத்துப்போன பிறகே கதவைச் சாத்துவாள்.

அந்தக் குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்கு அடைக்கோழி என்று பேர். வைத்தவள் ஊசிக்காரி. பொரித்த குஞ்சுகளுக்குக் கழுத்தில் மருந்து போடுகிறவள். வாயைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சாப்பாட்டு மணி அடித்தும் இயந்திரத்தின் முன்னாலிருந்து எழுந்து வராதவளை வேறு என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். பேர் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த சூப்பர்வைசர் பையன்கூட முதல் நாள் "அடைக்கோழியக்கா" என்றே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெருவின் கடைசியில் இருந்தது அந்த நீளக் கட்டடம். ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு முனையில் குளிர் அறை. பண்ணையிலிருந்து வரும் முட்டைகள் அங்கே உறங்கும். குளிரில் இருக்கும்வரை கரு வளராது. அதை அடுத்து முதல் அறை, நடு அறை, பொரிப்பு அறை. முட்டை மூன்று வாரத்தில் ஒவ்வொரு அறையாக நகர்ந்து, மறுமுனையில் குஞ்சாக வண்டியேறும். வெளியே மழையா வெயிலா என்பது உள்ளே யாருக்கும் தெரியாது. விசிறிகள் மட்டும் ஓயாமல் ஓடும். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை தடித்துவிட்டது. வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள்.

"காது நல்லாத்தான் கேக்குது. ஏன் ஊருக்கே ஏலம் விடற?" என்பார் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர்.

மகள் அதைவிடக் கெட்டிக்காரி. "எங்கம்மா முட்டைக்குத்தான் அம்மா. எனக்கு ஞாயித்துக்கிழமை அம்மா" என்று தோழிகளிடம் சொல்வாள். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் மகள் தவழத் தொடங்குமுன்பே வேலைக்குத் திரும்பியவளுக்கு அந்தச் சிரிப்பில் எப்போதும் ஒரு முள் இருக்கும்.

ஒருமுறை பண்ணையில் கழித்துவிட்ட தாய்க்கோழி ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் துணி விரித்து இடம் கொடுத்தாள். கோழி தினமும் முட்டையிட்டது. இட்டுவிட்டு, எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. முட்டைகளைச் சேர்த்து வைத்து அதன் மேல் கோழியை உட்கார்த்தினாள். எழுந்தது. மறுபடி உட்கார்த்திக் கூடையைக் கவிழ்த்தாள். காலையில் பார்த்தால் கூடைக்குள் கோழி நின்றுகொண்டிருந்தது, முட்டைகளை மிதித்தபடி.

"உன்ன மாதிரியே இருக்கு. டூட்டி முடிஞ்சா கிளம்பிடுது" என்றார் கணவர்.

அடையில் உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். முட்டை வேண்டியவர்களுக்கு அது நஷ்டம். அதனால் உட்காருகிற கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து, உட்காராதவற்றிலிருந்தே இனத்தைப் பெருக்கினார்கள். கடைசியில் அடைகாப்பது எப்படி என்பது கோழிக்கே மறந்துபோனது. அந்த வேலை இரும்புப் பெட்டிக்கும் விசிறிக்கும் வந்தது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு வந்தது. இதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. தொட்டிக்கடியில் நின்ற கோழியை மட்டும் வெகுநாள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் இருந்தது முதல் அறையில். அங்கே முட்டைக்குச் சொந்தச் சூடு கிடையாது. உள்ளே இருப்பது ஒரு சிவப்புப் புள்ளியும் சிலந்திவலை போல நாலு நரம்பும்தான். கரண்ட் போனால் அங்கே ஒரே சட்டம்: கதவைத் திறக்காதே, காற்றுத்துளையை மூடு, சாக்கைத் தொங்கவிடு, சூட்டை வெளியே விடாதே. அவளுக்கு முன்பு அந்த அறையிலிருந்தவர் கையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது. எத்தனையோ முறை அவள் சாக்கைத் தொங்கவிட்டு, கண்ணாடிக் கதவின் உட்புறம் ஆவி படிந்திருப்பதைப் பார்த்து, உள்ளே சூடு நிற்கிறது என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பொரிப்பு அறைக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றதும் அவளை அங்கே மாற்றினார்கள்.

"எனக்கு அந்த அறை பழக்கமில்ல தம்பி" என்றாள்.

"எல்லாம் அதே மிஷின்தான்கா. முட்டையத் திருப்பற வேலைகூட இல்ல, அதுபாட்டுக்குப் பொரிக்கும்" என்றான் சூப்பர்வைசர்.

அவள் அங்கே போன வாரத்தில்தான் அந்த மதியம் வந்தது.

சுவரோரம் இரண்டு பெரிய பொரிப்பு இயந்திரங்கள். இரண்டிலும் முட்டைகள் கடைசி நாளை எட்டியிருந்தன. கூடைகளில் அங்கங்கே ஓடு நட்சத்திரம் போல விரிந்து, அலகின் நுனி எட்டிப் பார்த்தது. சில குஞ்சுகள் வெளியே வந்து ஈர இறகோடு சாய்ந்து கிடந்தன. விடிவதற்குள் எல்லாம் வந்துவிடும், காலையில் வண்டி. இமையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை அழுத்தியவள், கையை எடுக்குமுன் விளக்கு அணைந்தது.

விசிறிகள் உடனே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி, தளர்ந்து, ஒவ்வொன்றாக நின்றன.

வெளியே அன்று வெயில் தீயாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரே கதவடைத்து ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. இழுத்த இழுப்புக்குத் தாங்காமல் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு இருட்டு மட்டும்தான் தெரிந்தது. எப்போதும் போல எல்லோரும் ஜெனரேட்டருக்காகக் காத்து நின்றார்கள். அது உறுமியது. விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. பிறகு உறுமல் இருமலாகி நின்றது.

பின்கதவு வழியாக எலக்ட்ரீஷியனின் குரல் வந்தது. "டீசல் லைன்ல காத்து புகுந்துடுச்சு! கொஞ்சம் பொறுங்க!"

"எவ்வளவு நேரம்ணே?" என்று கத்தினான் சூப்பர்வைசர்.

"என்னைக் கேட்டா? அதைக் கேளு!"

அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் மூலையிலிருந்த சாக்குகளை இழுத்தாள். முதல் இயந்திரத்தின் காற்றுத்துளைகளில் கந்தலைத் திணித்தாள். கதவின் மேல் இரண்டு சாக்கு, பக்கத்தில் இரண்டு. கைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூப்பர்வைசர் வாசலில் நின்று பார்த்தான். அக்காவுக்குத் தெரியும் என்று நினைத்தான். மேனேஜருக்குப் போன் போட்டுக்கொண்டே போய்விட்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் எலி என்று நினைத்தாள். பிறகு காதுக்குள் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். விசிறி இரைச்சலே பழகிய காதுக்கு அந்த அமைதியே ஒரு சத்தமாக இருந்தது; அதற்குள்ளிருந்து இன்னொன்று. மெல்லியது, கூர்மையானது, எல்லாப் பக்கமிருந்தும் வருவது.

மருந்து அறையிலிருந்து ஊசிக்காரி தடவித் தடவி வந்தாள். "கரண்ட் எப்ப வருமாம்? என்னடி அது, யாரு விசிலடிக்கிறது?"

"முட்டை" என்றாள் அவள்.

"என்னது?"

"முட்டை கத்துது."

ஊசிக்காரி அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை. இருவரும் இயந்திரத்தின் இரும்புப் பக்கத்தில் காதை வைத்தார்கள். ஆயிரமாயிரம் குரல். ஓட்டுக்குள்ளிருந்தே, வெளியே வருமுன்னமே, குஞ்சுகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. வெளியே தாய் இருந்தால் தொண்டைக்குள் உருட்டி ஒரு பதில் சொல்லும். இத்தனை வருஷமாக, ஒவ்வொரு தொகுதியும், ஒவ்வொரு முறையும் இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறது. விசிறி சத்தத்தில் இவர்கள் இருவர் காதிலும் விழுந்ததில்லை.

"ஏன் இப்படிக் கத்துதுங்க?" ஊசிக்காரியின் குரல் தணிந்திருந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. "குளிருது" என்றாள். "சூடு இறங்குது. சாக்கு எடு இன்னும்."

இருந்த சாக்கெல்லாம் போதவில்லை. ஊசிக்காரி தன் மருந்து மேசையின் விரிப்பை உருவிக்கொண்டு வந்தாள். முதல் இயந்திரம் போர்த்திப் படுத்த நோயாளி போல ஆனது. சத்தம் ஏறியது. இரண்டாவது இயந்திரத்தின் துளைகளிலும் கந்தலைத் திணித்துவிட்டு, கண்ணாடியில் வெளிச்சமடித்துப் பார்த்தாள். உட்புறம் வெள்ளையாக ஆவி. 'நிக்குது, சூடு நிக்குது' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஆவி முதல் அறையில் படிவது போல இல்லை. துளியாகத் திரண்டு, கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

பின்பக்கத்தில் ஜெனரேட்டர் மறுபடி உறுமி, மறுபடி செத்தது. எலக்ட்ரீஷியன் எதையோ திட்டித் துப்பினார்.

அவள் முதல் இயந்திரத்தின் மேல்பகுதியில் காதை வைத்தாள். அங்கே சத்தம் குறைந்திருந்தது.

"அடங்குதுங்க பாரு. சூடு பட்டதும் தூங்குதுங்க போல" என்றாள் ஊசிக்காரி.

அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். ஆனால் தூங்குகிற சத்தம் இப்படி அடங்காது. அவள் ஒரு பிள்ளையை வளர்த்தவள்; ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமானாலும் வளர்த்தவள். அழுதழுது ஓய்வது ஒரு மாதிரி. இது வேறு. வரிசை வரிசையாகக் குரல்கள் கழன்று விழுந்தன, மேலேயிருந்து கீழே. திறக்கக் கூடாது என்ற சட்டம் கையைப் பிடித்தது. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது.

"திறக்காதடி! இருக்கற சூடும் போயிடும்னு நீதானே எப்பவும் சொல்லுவ?"

அவள் சாக்கைப் பிய்த்தெறிந்து கதவை இழுத்தாள்.

அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. மேல் கூடையில் கை விட்டு ஒரு முட்டையை எடுத்து இமையில் வைத்தாள்; வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். சுட்டது. பொரித்து வந்திருந்த குஞ்சுகள் இறகை விரித்து, அலகைப் பிளந்து, கழுத்தை நீட்டிக் கிடந்தன. சில வாயைத் திறந்து மூடின. சில திறந்தபடியே இருந்தன.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த அறையின் முட்டைக்குள் இருப்பது சிவப்புப் புள்ளி அல்ல. மூச்சு விடுகிற, உதைக்கிற, சூடு கக்குகிற முழு உயிர். ஒவ்வொன்றும் தன் பக்கத்திலிருப்பதைச் சுட்டுக்கொண்டிருந்தது. விசிறி இத்தனை நாளும் இங்கே சூடு கொடுக்கவில்லை, சூட்டை எடுத்துக்கொண்டிருந்தது. கோழியாக இருந்தால் எழுந்திருக்கும். வயிற்றில் வெக்கை தட்டியதும் கொஞ்சம் நகர்ந்து, இறகைத் தூக்கி, காற்று விட்டு, மறுபடி உட்காரும். அடைகாப்பதில் பாதி எழுந்திருப்பதுதான். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் உட்காருகிற பாதி மட்டும்.

"எல்லாத்தையும் பிடுங்கு!" என்று கத்தினாள். "துணி, சாக்கு, எல்லாம்! அந்தக் கதவத் திற! நான் கொன்னுட்டேன்டி, திற!"

ஊசிக்காரி ஓடிப் போய் இரண்டாவது இயந்திரத்தைத் திறந்தாள். கூடைகளைச் சுமந்த சக்கர அலமாரிகளை இருவரும் இழுத்தார்கள். ஒரு சக்கரம் வழக்கம் போல மக்கர் செய்தது. ஊசிக்காரி அதை உதைத்த உதையில் செருப்பு அறுந்தது. சூப்பர்வைசர் சத்தம் கேட்டு ஓடிவந்து, பிளந்த அலகுகளைப் பார்த்து, போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"என்னக்கா இது?"

"கேள்வி அப்புறம். பிடி."

அலமாரிகள் நடைக்கு வந்தன. நடையிலும் காற்றில்லை. பின்கதவைத் திறந்தால் வெளியே தகரக்கூரை அடியில் நிற்கும் அனல் உள்ளே வந்தது. திறந்ததும் மூடினார்கள். குஞ்சுப் பெட்டிகளின் அட்டை மூடிகளை எடுத்து விசிறத் தொடங்கினார்கள். விசிறியதும் அனலைத்தான் விசிறினார்கள். ஒரு முட்டையை இமையில் வைத்தாள். சுருக்கென்றது.

அவள் பார்வை நடையின் மறுகோடிக்குப் போனது. குளிர் அறையின் தடித்த வெள்ளைக் கதவு.

"தம்பி, அதைத் திற."

சூப்பர்வைசர் ஒரு கணம் விளங்காமல் நின்றான். விளங்கியதும் குறுக்கே வந்து நின்றான். "அக்கா, விளையாடாதீங்க. அடுத்த வாரத்துக்கு மிஷின்ல ஏத்தற முட்டை மொத்தம் அங்கதான் இருக்கு. இந்த அனல் பட்டா வேர்த்து ஊறிப் பூஞ்சை பிடிச்சிடும். கரண்ட் இல்லாதப்ப அந்தக் கதவத் தொடவே கூடாதுன்னு இப்பதான் மேனேஜர் சொன்னாரு."

"இதுங்கள என்ன பண்ணச் சொன்னாரு?"

அவன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"தம்பி, கேளு." அவள் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி அவன் கேட்டதே இல்லை. "அங்க இருக்கறது கத்தல. இங்க இருக்கறது கத்துது."

நடை முழுவதும் அந்தச் சத்தம்தான் இருந்தது. முன்பைவிடக் குறைவாக, இடையிடையே ஓட்டையோடு. அவன் கழுத்தில் தொங்கிய சாவியைப் பிடித்தபடி நின்றான்.

"வேலை போச்சுன்னா?" என்றான்.

"எங்க வீட்டுக்காரரு வெல்டிங் பட்டறையில சேத்துவிடறேன். கண்ணு மட்டும் போகும்" என்றாள் ஊசிக்காரி. அந்த நேரத்தில் அவளுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. பட்டறை வைத்திருந்தது ஊசிக்காரியின் வீட்டுக்காரர்கூட இல்லை, அடைக்கோழியின் கணவர்.

அவன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தான்.

குளிர் தரையோடு வழிந்து வந்து கணுக்காலைத் தொட்டது. அலமாரிகளை அதன் வாய்க்கு எதிரே வரிசையாக நிறுத்தினார்கள். மேல் கூடைகளைக் கீழே இறக்கி, கீழ்க் கூடைகளை மேலே ஏற்றினார்கள். அட்டை மூடிகளால் தரையிலிருந்து மேல்நோக்கி விசிறினார்கள். அவள் மட்டும் விசிறவில்லை. கூடை கூடையாகப் போய் முட்டையை எடுத்து இமையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் திற... இன்னும்... போதும், பாதி சாத்து. சாத்துன்னா சாத்து, விறைச்சிடும்! இப்ப மறுபடி திற."

சூப்பர்வைசர் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னபடி திறந்தான், சாத்தினான். ஈர இறகோடு கிடந்தவற்றுக்குக் குளிர் நேராகப் பட்டால் அதுவும் சாவுதான். அவற்றின் கூடைகளுக்கு முன்னால் ஊசிக்காரி தன் மேல்துணியைத் தொங்கவிட்டாள். எத்தனை முறை திறந்து மூடினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அவள் இமை சிவந்து வீங்கிவிட்டது. ஒரு கண் பொய் சொல்கிறதோ என்று அடுத்த கண்ணுக்கு மாற்றினாள்.

எலக்ட்ரீஷியன் சட்டை முழுக்க டீசலோடு ஒரு வாய் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அட்டை விசிறிகளையும் திறந்த குளிர் அறையையும் பார்த்துவிட்டு நின்றார். "நாப்பது நாள்ல வெட்டப் போறதுங்க. அதுக்கா இந்தப் பாடு?"

விசிறிய கைகள் ஒரு நொடி நின்றன. அதை அங்கே எல்லோரும் அறிவார்கள், யாரும் சொல்வதில்லை.

"நாப்பதாம் நாளு அவங்க பாடு" என்றாள் அவள், இமையிலிருந்து முட்டையை எடுக்காமல். "இன்னைக்கு என் பாடு. போய் உங்க மிஷினப் பாருங்கண்ணே."

அவர் தண்ணீரைக் குடிக்காமலே போனார்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. விசிறிகள் சுழன்றதும் அந்தக் குரல்கள் ஒரேயடியாகக் காணாமல் போயின. இருக்கிறதா செத்ததா என்று இனி காதால் தெரியாது. அலமாரிகளை உள்ளே தள்ளி, சூடு சீராகும்வரை கதவின் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். வேலை நேரம் முடிந்து அடுத்தவர் வந்தார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. போன் போட்டு, "சோத்த நீங்களே வடிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன, குரலு இவ்வளவு மெதுவா இருக்கு?" என்று பயந்துபோய்க் கேட்டார் கணவர்.

காலையில் இயந்திரங்களைத் திறந்தார்கள். இரண்டாவது இயந்திரத்தில் மஞ்சள் பஞ்சாக ஒரே நெரிசல். ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி நின்றன. முதல் இயந்திரத்தின் கீழ்க் கூடைகளும் அப்படித்தான். முந்தின நாள் மேல் வரிசையில் இருந்த கூடைகளில் பாதிக்கு மேல் ஓடு விரியவே இல்லை. சிலவற்றில் நட்சத்திரம் மட்டும் விழுந்து, அதன் நடுவே அலகு காய்ந்திருந்தது. அவற்றைப் பொறுக்கும் வேலைக்கு வேறு ஆள் உண்டு. அவள் அவனை அனுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்து, இல்லை என்றான பிறகே வாளியில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து குந்தினான். "மேனேஜர் பத்து மணிக்கு வராரு. குளிர் அறை முட்டையெல்லாம் வேர்த்திருக்கு. எவ்வளவு தேறும்னு தெரியல."

"இங்க சாக்கு வெச்சது யாருன்னு கேட்டா, நான்னு சொல்லு."

"நான் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தானேக்கா போனேன்?" என்றான். "அதையும் சேத்துச் சொல்றேன்."

ஊசிக்காரி அறுந்த செருப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மருந்தைக் கலக்க ஆரம்பித்துவிட்டாள். குஞ்சு ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போய், கழுத்தில் ஒரு சொட்டு வாங்கி, பெட்டிக்கு வந்தது. வழக்கமாக ஒரு பெட்டியில் எத்தனை அடைப்பார்களோ அதைவிடக் குறைத்தே அடைக்கோழி அடைத்தாள். பெட்டி கூடுதலாகச் செலவானது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வண்டி பின்வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஏற்கெனவே தாமதமாகிவிட்ட எரிச்சலில் இருந்தார். பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக இடைவெளி இல்லாமல் அடுக்கி, பக்கத் தார்ப்பாய்களைக் கீழே இறக்கி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெட்டி அவள் கையில் இருந்தது. முதல் இயந்திரத்தின் மேல் கூடைகளில் தப்பியவை. மற்றவற்றைவிடச் சோம்பலாக, ஆனால் கண்ணைத் திறந்து நின்றன.

"குடுங்கக்கா, நேரமாச்சு."

"தார்ப்பாயச் சுருட்டி மேல கட்டுங்க."

"வெளியில அனல் காத்து. குஞ்சுக்கு ஆகாதுன்னு எங்க முதலாளி சொல்லியிருக்காரு. மூடித்தான் கொண்டு போவோம்."

"அனல் வெளியில இருந்து வராது. இதுங்ககிட்ட இருந்தே வரும். உள்ள கை விட்டுப் பாருங்க."

டிரைவர் அலுப்போடு அடுக்கின் நடுவே கையை விட்டார். விட்ட கையை உடனே எடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டி ஒன்று ஹாரன் அடித்தது.

"அடுக்கையும் பிரிக்கணும். ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கட்டையைக் குடுங்க, காத்துப் போகட்டும்" என்றாள். "நான் நிக்கறேன்."

"நீங்க நிப்பீங்க, அங்க எனக்குத் திட்டு விழும்." முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அடுக்கைக் கலைத்தார். கட்டைகளைச் செருகினார். தார்ப்பாயை இரண்டு பக்கமும் சுருட்டிக் கயிறு போட்டார். ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

பிறகு கீழே குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் பெட்டியைத் தூக்கி, அடிப்பக்கம் தாங்கி, அந்தக் கைகளில் வைத்தாள்.